பெரிய கும்பிடு பூச்சியை நேருக்கு நேர் பார்த்தவர்கள் எழுதுங்கள்

பந்தல்காரன்:
பாகல் பந்தலில் வழக்கமாக உட்காரும் அந்தப் பெரிய பச்சை ரகம்தான், ஹைரோடுலா. வயிறு பெருத்த பெண், இறக்கை ஓரத்தில் வெள்ளைப் புள்ளி. தேனீ ஒன்றைப் பிடித்தது, பிடித்த வேகம் என் கண்ணுக்கே சிக்கவில்லை. தேனீ கொடுக்கை நீட்டி நீட்டி வளைகிறது, இது சாவகாசமாகக் கழுத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறது. நடுவில் தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தது. கண்ணுக்குள் ஒரு கரும்புள்ளி. நான் நகர்ந்த பக்கமெல்லாம் அதுவும் கூடவே வந்தது. இன்னும் மறக்கவில்லை.

இரவு விளக்கு:
பந்தல்காரன், தலையைத் திருப்பியது சரி. அந்தப் புள்ளி உங்களைப் பார்க்கவில்லை. நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன அறைகள் சேர்ந்த கூட்டுக்கண் அது. அதில் நம் பக்கம் நேராக நிற்கும் அறைகள் ஒளியைத் திருப்பி அனுப்பாததால் அந்த இடம் கறுப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ராத்திரியில் கண் முழுக்கவே கறுத்துவிடும். எங்கள் வீட்டு டியூப் லைட்டுக்கு வந்த ஆண் அப்படித்தான் இருந்தது. துடைப்பத்தைக் காட்டியதும் ஓடவில்லை. முன்னங்கால்களை அகல விரித்து, இறக்கையைத் தூக்கி எதிர்த்து நின்றது. துடைப்பத்தோடு நான்தான் பின்வாங்கினேன்.

தொட்டி மீன்:
தேனீ என்ன பெரிய விஷயம்? என் மொட்டைமாடித் தொட்டியில் ஆகாயத்தாமரை இலைமேல் உட்கார்ந்து கப்பி மீனைத் தூக்கியது. வாலிலிருந்து தின்கிறது, மீனின் செவுள் இன்னும் அசைகிறது!

பந்தல்காரன்:
செத்து மிதந்த மீனாக இருக்கும். பூச்சியாவது, மீன் பிடிப்பதாவது.

இரவு விளக்கு:
பிடிக்கும். கர்நாடகத்தில் ஒரு மாடித்தோட்டக் குளத்தில் ஹைரோடுலா ஆண் ஒன்று 5 நாளில் 9 கப்பிகளைப் பிடித்துத் தின்றது 2018இல் ஆய்வுக் கட்டுரையாகவே வந்தது. அமெரிக்காவில் தேன்சிட்டைவிடச் சிறிய ஹம்மிங் பறவைகளைக்கூட இந்தக் குடும்பத்துப் பூச்சிகள் பிடித்திருக்கின்றன.

அவரைக்கொடி:
எங்கள் கறிவேப்பிலைக் குச்சியில் இருந்த முட்டைக்கூடு ஒரு காலையில் பொரிந்தது. நூலில் தொங்கிய குஞ்சுகள், கொஞ்ச நேரத்திலேயே ஒன்றையொன்று தின்னத் தொடங்கின. சரி, யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். காய்ந்த நுரை மாதிரி பழுப்பாக ஏதாவது குச்சியில் ஒட்டியிருந்தால் சுரண்டிப் போடாதீர்கள், அதுதான் கூடு. வளர்க்க எடுத்தால் குஞ்சுகளைத் தனித்தனி டப்பாவில் விடுங்கள். தோலுரிக்கத் தலைகீழாகத் தொங்கும், அதனால் டப்பா அதன் நீளத்தைப் போல மூன்று மடங்காவது உயரம் வேண்டும், மேலே வலையும் வேண்டும். தண்ணீரைக் கிண்ணத்தில் வைக்காமல் லேசாகத் தெளியுங்கள். அப்புறம், புழுவை ஒழிக்கும் என்று நம்பித் தோட்டத்தில் கொண்டுவிடும் ஆசை வேண்டாம். அசைவதெல்லாம் அதற்குத் தீனி. வண்ணத்துப்பூச்சி, தேனீ எல்லாம் சேர்த்தே போகும்.

கிணற்றடி:
ஒன்று எங்கள் வாளித் தண்ணீரில் தானாகவே இறங்கியது. வயிற்றின் நுனியிலிருந்து கறுப்புக் கம்பி போல ஒரு புழு நெளிந்து நெளிந்து வெளியே வந்தது, பூச்சியைவிட நீளம். அந்த வாளியை இன்னும் யாரும் தொடவில்லை.

அவரைக்கொடி:
குதிரைமுடிப் புழு, பூச்சியின் உடம்புக்குள்ளேயே வளரும் ஒட்டுண்ணி. முற்றியதும் பூச்சியைத் தண்ணீருக்குப் போக வைப்பதே அதுதான். மனிதருக்கு ஒன்றும் செய்யாது, வாளியைக் கழுவிப் புழங்குங்கள்.

கிணற்றடி:
நீங்கள் வந்து கழுவுங்கள்.