கேரம் கிளப்பில் ராத்திரி போட்டோ: போர்டு வெள்ளை, முகம் கறுப்பு. என்ன செய்யலாம்?

வண்ணைவாசி:
எல்லோருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெரு முனையில் ஒரு கேரம் கிளப் இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு ரூம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நடுவில் ஒரு போர்டு, அதன் தலைக்கு மேல் ஷேடு போட்ட ஒரு குண்டு பல்பு. வாசல் பக்கம் ஒரு டியூப்லைட். சுவரில் அம்பேத்கர், முகமது அலி, கீழே வரிசையாகக் கப்புகள். ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் களை கட்டும். லோடு இறக்கிவிட்டு வருகிறவர்கள், ஆட்டோ அண்ணன்கள், காலேஜ் பசங்க என்று எல்லோரும் இருப்பார்கள்.

பொங்கலுக்கு டோர்னமென்ட். அதற்குள் வழக்கமாக ஆட வருகிறவர்கள் ஒவ்வொருவரையும் ஆட்டத்தில் வைத்து எடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்டலாம் என்று திட்டம். கையில் இருப்பது கேனான் 1500டி, கூட வந்த 18-55 லென்ஸ், ஒரு 50 மி.மீ. 1.8.

கேமராவை ஆட்டோ மோடில் வைத்து எடுத்தால் போர்டு வெளுத்துப்போகிறது, முகம் கறுத்துப்போகிறது. கேமராவில் இருக்கிற ஃபிளாஷைப் போட்டால் எல்லோரும் ரேஷன் கார்டு போட்டோவில் இருப்பதுபோல ஆகிவிடுகிறார்கள், அந்த ரூமே காணாமல் போகிறது. இன்னொன்று: ஷட்டரை வேகமாக வைத்தால் சில படங்களில் வாசல் பக்கம் பாதி மங்கலாக, மஞ்சளாக வருகிறது, அடுத்த படத்தில் சரியாக இருக்கிறது. லென்ஸ் கெட்டுவிட்டதா? செலவு ஐயாயிரத்துக்குள் முடிய வேண்டும்.

ஐஎஸ்ஓராஜா:
ப்ரோ, ஐஎஸ்ஓ (கேமராவின் வெளிச்ச உணர்திறன்) 6400 வைங்க, ரா ஃபைலில் (கேமரா திருத்தாத மூலப் படம்) எடுங்க, கம்ப்யூட்டரில் நாய்ஸ் (படத்தில் வரும் புள்ளிகள்) எடுத்துடுங்க. முடிந்தது.

கல்மண்டபம் ஸ்டுடியோ:
ராஜா சொல்வது பாதி மருந்து. வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்க்காமல் ஐஎஸ்ஓ ஏற்றினால் போர்டு இன்னும் வெளுக்கும், அவ்வளவுதான்.

தம்பி, நான் ராயபுரம் கல்மண்டபத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஃபிலிம் காலத்து ஆள். கல்யாணம், காதுகுத்து, சாவு வீடு எல்லாம் எடுத்திருக்கிறேன். நீ சொன்ன மாதிரி ரூம்கள் எனக்குப் பிடிக்கும். ஒரே விளக்கு, அதுவும் ஷேடுக்குள். எந்த ஸ்டுடியோவும் காசு கொடுத்துச் செய்கிற லைட்டிங் அது.

ஒரு ராத்திரி கேமராவை எடுக்காமல் சும்மா உட்கார்ந்து ஆட்டக்காரர் முகத்தை மட்டும் பார். நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது முகத்தில் ஒன்றுமே இருக்காது, ஷேடு மறைத்துவிடும். அடிக்கக் குனிந்ததும் மூக்கு, கன்னம், நெற்றி எல்லாம் எழும்பும். அந்த வெளிச்சம் பெரும்பாலும் பல்பிலிருந்து நேராக வருவதில்லை, போர்டிலிருந்து வருகிறது. வெளிர் பலகை, மேலே போரிக் பவுடர் வேறு. நல்ல ரிஃப்ளெக்டர் அது. சின்ன விளக்குக்கு, தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்கு என்பது கணக்கு. போர்டு அகலமான பரப்பு என்பதால் கணக்கு அப்படியே வராது. ஆனாலும் குனிகிற ஆளுக்கு ஒரு ஸ்டாப்பாவது, அதாவது இரண்டு மடங்காவது கூடும்.

ஆக நீ எடுக்க வேண்டிய நேரம் ஒன்றே ஒன்று. குனிந்து, ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் நகர்த்தி, குறி பார்த்து, விரல் தெறிப்பதற்கு முன்னால் ஆள் மூச்சைப் பிடித்து அசையாமல் இருப்பான் பார், அது. அந்த ஒரு விநாடியில் ஷட்டர் 1/100 தாராளம். கை நிலையாக இருந்தால் 1/50-கூடப் போதும்.

கேமராவை மேனுவலில் போடு. 50 மி.மீ. லென்ஸ், திறப்பு எஃப் 2, ஷட்டர் 1/100, ஐஎஸ்ஓ 1600, இதில் ஆரம்பி. போர்டில் மரத்தின் நிறமும் காயின் ஓரமும் தெரிகிற அளவுக்கு ஏற்றி இறக்கு. அதற்கு மேல் போகாதே. ஆட்டோவில் கேமரா ரூம் முழுக்க இருக்கிற இருட்டைப் பார்த்து, வெளிச்சம் பத்தவில்லை என்று அள்ளிக் கொட்டுகிறது. அதனால்தான் போர்டு வெளுக்கிறது. முகம் கொஞ்சம் குறைவாக விழட்டும், ரா ஃபைலில் ஒரு ஸ்டாப் தூக்கினால் வந்துவிடும். வெளுத்துப்போன போர்டைக் கடவுளாலும் திருப்ப முடியாது.

18-55-ஐ இந்த வேலைக்கு எடுக்காதே. அகல முனையிலேயே அது எஃப் 3.5. எஃப் 2-க்குக் கிடைக்கிற வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். 50 அந்த ரூமுக்கு நெருக்கம், தெரியும். ஒரு முகமும் ஒரு கையும்தான் அடங்கும். ஆளுக்கு ஒரு படம் என்றால் வேறு என்ன வேண்டும்?

ஃபோகஸுக்கு நடுப்புள்ளியை மட்டும் வைத்துக்கொள். உன் கேமராவில் இருக்கிற ஒன்பதில் அது ஒன்றுதான் குறுக்கும் நெடுக்கும் பார்க்கிறது. இருட்டில் மற்றவை தேடிக்கொண்டே இருக்கும். கண்ணில் பிடிக்கவில்லை என்றால், அதே தூரத்தில் வெளிச்சமும் நிழலும் சந்திக்கிற காலர் ஓரத்தில் பிடி.

அப்புறம் அந்த டியூப்லைட்டை அணைக்கச் சொல். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். குண்டு பல்பு 2700 கெல்வின், டியூப் 6500 பக்கம். ஒரு கன்னம் மஞ்சள், ஒரு கன்னம் நீலம் என்றால் கேமராவில் நிறத்தைச் சரி செய்கிற எந்த ஒயிட் பேலன்ஸாலும் இரண்டையும் சேர்த்துச் சரி பண்ண முடியாது. அணைத்துவிட்டு 3000, 3200 என்று கையால் வை. கொஞ்சம் மஞ்சள் தங்கட்டும். சுத்தமாக வெள்ளையாக்கிவிட்டால் ஒன்பது மணி ராத்திரி என்று யார் நம்புவார்கள்?

ஒயர்மேன்:
போட்டோ எனக்குத் தெரியாது, லைட் தெரியும். பாதி மங்கலுக்கு லென்ஸ் காரணமில்லை. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வெளிச்சம் ஏறி இறங்கும், அதாவது விநாடிக்கு 100 தடவை. பழைய செம்பு சோக் போட்ட டியூப்லைட்டிலும், மலிவான எல்இடி பல்பிலும் இது நன்றாகவே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. 1/100-ல் ஒரு முழு ஏற்ற இறக்கம் அடங்கிவிடும், 1/50-ல் இரண்டு. 1/250 வைத்தால் இறங்குகிற நேரத்துத் துண்டுதான் உங்களுக்குக் கிடைக்கும், ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு துண்டு.

குண்டு பல்பில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. இழை அதற்குள் ஆறிவிடாது. சந்தேகம் இருந்தால் போன் கேமராவில் ஷட்டரை வேகமாக வைத்து விளக்கைப் பாருங்கள், பட்டை பட்டையாக ஓடினால் அதுதான். டியூப் கட்டாயம் வேண்டும் என்றால் எலக்ட்ரானிக் சோக்குக்கு மாற்றுங்கள். அது ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் ஓடுகிறது, கேமராவுக்குத் தெரியாது.

முகத்தில் இன்னும் வெளிச்சம் வேண்டுமென்றால் ஷேடை ஒரு சாண் மேலே ஏற்றிக் கட்டினால் பரவும்.

ஸ்ட்ரைக்கர்:
ஷேடைத் தொட்டால் கையை உடைப்போம் அண்ணே. ஏற்றினால் பல்பு கண்ணில் அடிக்கும், காயின் நிழல் மாறும், கட் ஷாட் எல்லாம் தப்பும். கிளப்பில் அந்த உயரத்துக்கே பஞ்சாயத்து நடந்திருக்கும்.

நான் வியாசர்பாடி. சின்ன வயதிலிருந்து ஆடுகிறேன். நம்ம பக்கத்துக்குக் கேரம் என்றால் என்ன என்று வெளியாட்களுக்கு இப்போதுதான் தெரிகிறது, 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புது வண்ணாரப்பேட்டை. அதனால் படம் எடுப்பது நல்ல விஷயம், எடுங்க. ஆனால் ஆட்டக்காரன் பக்கத்திலிருந்து சில விஷயம்.

அடிக்கிறவனுக்கு நேர் எதிரே, எதிராளி தோளுக்குப் பின்னால் நிற்காதீங்க. குறி பார்க்கும்போது அங்கே ஏதாவது அசைந்தால் கண் ஓடும். சிங்கிள்ஸ் ஆட்டத்தில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்காருவார்கள், போர்டின் மற்ற இரண்டு பக்கமும் காலி. அங்கே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுங்க. முகம் பக்கவாட்டில் கிடைக்கும், கையும் முழுசாகத் தெரியும்.

கேமராவின் அந்த 'டபக்' சத்தம் வேறு இருக்கிறது. ஸ்டுடியோ அண்ணன் சொல்கிற அதே மூச்சுப் பிடிக்கிற நேரத்தில்தான் எங்களுக்கு அது இடி மாதிரி கேட்கும். டோர்னமென்ட் அன்றைக்கு ரெட்டு விழுந்து ஃபாலோ போடப் போகிறவன் காதுக்குப் பக்கத்தில் அதை அடித்தால் கேமரா கூவத்தில் கிடக்கும். பிராக்டிஸ் ராத்திரிகளில் எடுங்க. யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

வண்ணைவாசி:
எல்லோருக்கும் நன்றி. டியூப்லைட்டை அணைத்து, 1/100 வைத்து, பக்கவாட்டில் உட்கார்ந்து எடுத்தேன். முகம் வருகிறது! ஒரு பெரியவர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு குறி பார்க்கிறார். அந்தப் படத்தை அவர் வீட்டில் காட்டிவிட்டு வந்துவிட்டார்.

இப்போது வேறு சிக்கல். ஆட்டக்காரருக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள், சுவர், கப்புகள் எல்லாம் முழு இருட்டு. பழைய கோடாக்ஸ் டிடி600 ஃபிளாஷ் ஒன்று இரண்டாம் கையில் கிடைத்தது. கேமரா மேல் மாட்டினால் அடிக்கவே இல்லை. விற்றவர் போனை எடுக்கவில்லை.

கல்மண்டபம் ஸ்டுடியோ:
ஃபிளாஷ் நன்றாகத்தான் இருக்கும். 1500டி-யின் மேல்தட்டைப் பார், நடுவில் இருக்க வேண்டிய வட்டப் பின் இருக்காது. 3000டி-யிலும் கிடையாது. டிடி600 அந்த ஒற்றைப் பின்னை நம்பி இருக்கிற ஃபிளாஷ்.

கவலைப்படாதே, கேமரா மேல் வைத்தால் எப்படியும் பழைய கதைதான். டிடி600-ல் எஸ்1, எஸ்2 என்று இரண்டு ஸ்லேவ் மோடு இருக்கிறது, வேறு ஃபிளாஷ் அடிப்பதைப் பார்த்துத் தானும் அடிக்கும். எஸ்2-ல் போடு. உன் கேமராவின் சொந்த ஃபிளாஷ், படத்துக்கு முன்னால் அளவு பார்க்க ஒரு சின்ன வெட்டு வெட்டும். எஸ்1 அதிலேயே ஏமாந்து முன்கூட்டியே அடித்துவிடும். எஸ்2 அதை விட்டுவிட்டு அடுத்த வெட்டுக்குத்தான் அடிக்கும். கேமரா ஃபிளாஷின் அளவை மெனுவில் மைனஸ் இரண்டுக்கு இறக்கு. முகத்தில் படாமல் ஒரு விசிட்டிங் கார்டை முன்னால் சாய்த்துப் பிடி. வெளிச்சம் பக்கவாட்டில் திரும்பி டிடி600-ன் கண்ணுக்குப் போனால் போதும்.

டிடி600-ஐ வாசல் பக்க மூலையில், பரண் மேலே வை. 1/64 பவர். அதை ஆட்டக்காரர் பக்கம் திருப்பவே கூடாது. பின்னால் நிற்கிறவர்களுக்கு மட்டும் அது. சுவரில் அடித்துத் திருப்பலாம் என்று தோன்றும். கிளப் சுவர் என்ன நிறம்? நான் பார்த்த கிளப் எல்லாம் பச்சை அல்லது நீலம். அதில் அடித்தால் நிற்கிறவர்கள் எல்லோரும் பச்சையாக வருவார்கள். ஒரு தெர்மோகோல் அட்டையைச் சாய்த்து வைத்து அதில் அடி.

ஃபிளாஷ் வெளிச்சம் பகல் நிறம், 5500 கெல்வின் பக்கம். பல்போடு சேராது. சிடிஓ என்று ஆரஞ்சு ஜெல் கிடைக்கும், முழு அடர்த்தி ஒன்று 3000 பக்கத்துக்கு இறக்கிவிடும். அதற்குச் செலவு செய்ய மனமில்லை என்றால் பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவுக்குப் போய் ஆரஞ்சு கண்ணாடித்தாள் வாங்கு. நிறம் அச்சாக அமையாது, ஆனால் இருட்டில் நிற்கிற ஆளுக்கு அது போதும்.

எவ்வளவு பவர் சரி என்று கேட்காதே. ஃபிளாஷ் போட்டதே தெரியக்கூடாது. கப்பு மின்னுகிறது, ஆள் நிற்பது தெரிகிறது, ஆனால் ரூம் இன்னும் இருட்டு. அந்த இடத்தில் நிறுத்து.

ஐஎஸ்ஓராஜா:
இவ்வளவு தொல்லைக்கு 6400 எவ்வளவோ மேல். சுவரில் மாட்டுகிற பிரிண்டை யாரும் மூக்கு ஒட்டிப் பார்ப்பதில்லை.

கல்மண்டபம் ஸ்டுடியோ:
பன்னிரண்டுக்குப் பதினெட்டு பிரிண்டில் நாய்ஸ் தெரியாது, அதில் சண்டையே இல்லை ராஜா. இல்லாத வெளிச்சத்தை ஐஎஸ்ஓ கொண்டுவராது என்பதுதான் என் சண்டை.

வண்ணைவாசி:
ஃபிளாஷ் அடிக்கிறது அண்ணா! சுவர் பச்சைதான். கடைசிக் கேள்வி. ஃபைனல் மட்டும் தெருவில் பந்தல் போட்டு நடக்கும். மூங்கில் கம்பத்தில் எல்இடி ஃபோக்கஸ் லைட், சுற்றிலும் சீரியல் செட். அங்கே என்ன செய்வது?

கல்மண்டபம் ஸ்டுடியோ:
போர்டு மேல் அதே ஷேடு பல்புதான் இருக்கும், ஆட்டக்காரருக்கு அதே கணக்கு. ஃபோக்கஸ் லைட் நேராகத் தலையில் அடித்தால் கண்குழி எல்லாம் பள்ளமாக வரும். சீரியல் செட்காரரிடம் சொல்லி ஒன்றை மட்டும் பந்தல் துணியைப் பார்த்துத் திருப்பச் சொல். துணி வெள்ளையாக இருந்தால் தெரு முழுக்க மெத்தென்று வெளிச்சம் இறங்கும். இப்போது தெருவிளக்கும் எல்இடி என்பதால் அதோடு நிறமும் ஓரளவு சேரும். பழைய சோடியம் மஞ்சளில் எடுக்க நாங்கள் பட்ட பாடு உங்களுக்கு இல்லை.

தெருவையும் பந்தலையும் சேர்த்து அகலமாக ஒரு படம் வேண்டுமென்றால் ராத்திரிவரை காத்திருக்காதே. பொங்கல் சமயத்தில் சூரியன் ஆறு மணி சுமாருக்கு விழும். அதற்கு அப்புறம் 20 நிமிஷம் வானம் நீலமாக இருக்கும், பல்பும் வானமும் ஒரே அளவில் நிற்கும். நம்ம ஊரில் அந்தி சட்டென்று முடிந்துவிடும். சீரியல் செட்காரர்கள் ஏழு மணிக்குத்தான் சுவிட்ச் போடுவார்கள். ஆறே காலுக்குப் போடச் சொல்லி இப்போதே பேசி வை. அந்தப் படத்துக்கு 18-55, ஸ்டாண்டு, ஐஎஸ்ஓ 100 போதும்.

ஒயர்மேன்:
ஃபோக்கஸ் லைட்டை நீங்களே ஏறித் திருப்பாதீங்க தம்பி. தெரு பந்தலில் எர்த் ஒழுங்காக இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். கட்டினவரையே திருப்பச் சொல்லுங்க, அதுவும் மெயினை அணைத்துவிட்டு.