புதுப்பிப்பு: பெங்களூரு சர்ஜாப்பூர் பக்கத்துத் தோப்பு வழியாக லேஅவுட் சாலை

எங்கள் ஊர்ப் புளியந்தோப்பை வெட்டி லேஅவுட்டுக்குச் சாலை போடப் பார்க்கிறார்கள், எப்படித் தடுப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. தோப்பு தப்பித்தது.

கைகொடுத்தது, மரத்தை விட்டு நிலத்தின் பதிவைப் பார்க்கச் சொன்ன யோசனைதான். கர்நாடக அரசின் நில வரைபட ஆப்பான திஷாங்கில் சர்வே நம்பரை எடுத்துப் பஹணி (நிலத்தின் உரிமை, பயிர் விவரப் பதிவு) வாங்கினோம். 'குண்டுதோப்பு, பி கராப்' என்று இருந்தது. அப்படியென்றால் ஊர்ப் பொதுத்தோப்பு, பொதுப் பயன்பாட்டு நிலம், தனியார் உரிமை கொண்டாட முடியாது. கிராம வரைபடத்தையும் சேர்த்துத் தாசில்தாரிடம் அளக்கச் சொல்லி மனு கொடுத்தோம். சர்வேயர் வந்து அளந்ததில், பெரிய புளியமரத்தடி மாரம்மன் கல்லையும் தாண்டித்தான் தோப்பின் எல்லைக்கல் விழுந்தது. சாலை பழைய வண்டிப்பாதைப் பக்கம் திரும்பிவிட்டது.

எதிர்பாராதது ஒன்று: தோப்போரம் வரைபடத்தில் ஒரு ராஜகாலுவே. ஏரிக்கு மழைத்தண்ணீர் போகும் வழி, இப்போது புதர் மண்டிக் கிடக்கிறது. அதைத் தூர்வாரத் தனி மனு போட்டிருக்கிறோம்.

கர்நாடகத்தின் 1976 மரப் பாதுகாப்புச் சட்டப்படி ஆட்சேபமும் கொடுத்தோம். அதற்கு வேலையே வரவில்லை. அப்புறம், பஹணி கன்னடத்தில் இருக்கும். வாசிக்கத் தெரிந்தவரை உடன் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் பாருங்கள்.