உரிமம் வேண்டாத அலைவரிசையில் எல்டிஇயும் வைஃபையும்: யார் யாருக்கு வழிவிடுவது?

திருப்பூர் பனியன்காரன் (கேள்வி)
எங்கள் பனியன் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் பார்கோடு ஸ்கேனர்கள் வைஃபையில் இயங்குகின்றன. பக்கத்துக் கட்டட மொட்டை மாடியில் செல்பேசிக் கோபுரம் ஒன்று வந்த பிறகு, அட்டைப்பெட்டிக்கு லேபிள் ஒட்டும் நேரத்தில் அவை அடிக்கடி இணைப்பை இழக்கின்றன. உரிமம் வேண்டாத 5 கிகாஹெர்ட்ஸிலும் எல்டிஇ, அதாவது 4ஜி செல்பேசி நுட்பம், இயங்கக்கூடும் என்று படித்தேன். அப்படியானால் அது வைஃபையை நசுக்கிவிடாதா?

பீளமேடு வாத்தியார்
அச்சம் நியாயமானதே. எல்டிஇயில் யார் எப்போது பேசுவது என்பதைக் கோபுரமே தீர்மானிக்கிறது. ஏலத்தில் எடுத்த அலைவரிசை தனக்கே உரியது என்பதால், பிறர் பேசுகிறார்களா என்று கேட்டுப் பார்க்கும் தேவை அதற்கு இருந்ததில்லை. வைஃபையோ கேட்டு, காத்திருந்து, பிறகே பேசும். இரண்டையும் ஒரே சேனலில் அப்படியே விட்டால் வைஃபை காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

உரிமம் வேண்டாத அலைவரிசைக்கென முதலில் வந்த எல்டிஇ-யு என்னும் முறை, கீழ்பவானி வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதைப் போல, சிறிது நேரம் பேசிச் சிறிது நேரம் ஓய்ந்தது. ஆனால் முறை வைத்தவரே பாசனக்காரராகவும் இருந்ததால் வைஃபை தரப்பு அதை நம்பவில்லை. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் கேட்டுவிட்டுப் பேசுவது கட்டாயம் என்பதால், செல்பேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு 2016இல் முடித்த 13ஆம் வெளியீட்டில் எல்ஏஏ என்னும் முறையைக் கொண்டுவந்தது. அதில் கோபுரம் 16 மைக்ரோநொடியும் அதன்மேல் 9 மைக்ரோநொடித் துண்டுகள் சிலவும் காத்திருந்து, தற்செயலாகக் கிடைத்த ஓர் எண்ணை எண்ணி முடித்த பின்பே பேசும்; வைஃபை அருகில் இருக்கக்கூடிய இடத்தில், வழக்கமான தரவுக்கு ஒரு தடவையில் 8 மில்லிநொடிக்கு மேல் சேனலைப் பிடித்து வைத்திருக்காது.

இந்தக் காத்திருப்பு விதி ஏறத்தாழ வைஃபையின் விதியேதான். பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். என் கருத்தில் வழக்கு முழுவதும் எவ்வளவு மெல்லிய குரல் வரை கேட்பது என்பதில்தான் இருக்கிறது. வைஃபை இன்னொரு வைஃபையை −82 டிபிஎம் (அலை வலிமையின் அளவு; கழித்தல் எண் பெரிதாக ஆக அலை மெலியும்) அளவிலேயே அடையாளம் கண்டு ஒதுங்கும். அந்நிய அலைக்கோ −62 வரை பொறுத்துக்கொள்ளும், அதாவது நூறு மடங்கு வலிமை வந்தால்தான் வழிவிடும். எல்ஏஏயின் வரம்பு 20 மெகாஹெர்ட்ஸ் சேனலுக்கு −72. ஆகவே −77இல் வந்து சேரும் வைஃபையின் மேல் எல்ஏஏ விதிப்படியே ஏறிப் பேசிவிடலாம்.

ஈரோடு கேபிள்காரர்
வாத்தியார் சொன்னது சரி, ஆனால் பனியன் கம்பெனியின் சிக்கல் இதுவாக இருக்காது என்று நினைக்கிறேன். நம் ஊர்க் கோபுரங்கள் பெரும்பாலும் ஏலத்தில் எடுத்த அலைவரிசையில்தான் ஓடுகின்றன. அவற்றுள் ஒன்றான 2300–2400 மெகாஹெர்ட்ஸ் 4ஜி, 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் முதல் சேனலுக்கு ஒட்டிய வேலிதான்; அந்தச் சேனல் ஏறத்தாழ 2402இல் தொடங்கிவிடுகிறது. கோபுரம் மிக அருகில் இருந்தால், மலிவான ஸ்கேனரின் அலைவாங்கி அந்த வலிய அலையில் திணறி, தன் சேனலின் மெல்லிய அலையைத் தவறவிடும். இங்கே கேட்டுவிட்டுப் பேசும் விதி எதுவும் உதவாது, வடிகட்டிதான் உதவும். ஸ்கேனர்கள் 2.4இல் மட்டும் இயங்குபவையா, அக்சஸ் பாயிண்ட் (வைஃபை பரப்பும் பெட்டி) எந்தச் சேனலில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

திருப்பூர் பனியன்காரன்
இருவருக்கும் நன்றி. ஸ்கேனர்கள் 2.4 மட்டுமே, சேனல் 1. பேக்கிங் பிரிவின் அக்சஸ் பாயிண்ட் அந்த மொட்டை மாடியை நோக்கிய ஜன்னலை ஒட்டியே மாட்டப்பட்டுள்ளது.

ஈரோடு கேபிள்காரர்
முதலில் சேனலை 11க்கு மாற்றி ஒரு ஷிப்ட் ஓடவிட்டுப் பாருங்கள். தேறினால் அக்சஸ் பாயிண்டை உள்சுவருக்கு மாற்றுங்கள். தேறாவிட்டால் கோபுரத்தை விட்டுவிட்டு, அதே சேனலில் அக்கம்பக்கத்துக் கம்பெனிகளின் வைஃபை எத்தனை தெரிகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.