கோட்டை வரைபடம்: என் கணினியில் சரி, நண்பர்களின் கணினியில் சுவரெல்லாம் ஊதாக் கட்டங்கள். உதவி தேவை

பண்ணைக்கரை | வியாழன், இரவு 9.42

வணக்கம். யாழ்ப்பாணக் கோட்டையின் வாயிற்பகுதியை வரைபடம் அமைக்கும் நிரலான ஹமரில் ஒரு விளையாட்டு வரைபடமாக அமைத்திருக்கிறேன். என் கணினியில் எல்லாம் நான் எண்ணியபடியே தெரிகிறது. நண்பர்களிடம் கொடுத்துத் திறக்கச் சொன்னால், முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) சுவர்கள் முழுவதும் ஊதாவும் கறுப்புமான சதுரக் கட்டங்களாகவும், பனைகள் நிற்க வேண்டிய இடங்களில் 'எரர்' என்ற பெரிய சிவப்பு எழுத்துகளாகவும் தெரிகின்றன. கோப்புகளை வரைபடத்தினுள்ளேயே பொதிந்துதான் கொடுத்தேன். சனிக்கிழமை பின்னேரம் கொக்குவிலில் ஏழு பேர் கூடி இதை விளையாடுவதாக இருக்கிறோம். எந்தக் கோப்பு காணாமற்போகிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? விரைவாகச் சொல்லுங்கள்.

கரவெட்டியான் | வியாழன், இரவு 9.58

தம்பி, எந்த விளையாட்டுக்கு அமைக்கிறீர்கள் என்பதையே நீங்கள் எழுதவில்லை. எதைக் கொண்டு பொதிந்தீர்கள், நண்பர்களுக்கு எப்படிக் கொடுத்தீர்கள், அவர்களுடைய கணினிகளில் விண்டோஸா லினக்ஸா, பொதிந்த பிறகு வரைபடத்தில் ஏதேனும் மாற்றினீர்களா என்பவற்றையும் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லலாம். ஊதாக் கட்டம் என்றால் மெற்றீரியல் கோப்போ (எந்தப் படத்தை ஒட்டுவது என்று சொல்லும் கோப்பு) அது சுட்டும் படமோ கிடைக்கவில்லை. சிவப்பு எழுத்து என்றால் மொடலே (மரம் போன்ற பொருளின் முப்பரிமாண உருவம்) ஏறவில்லை. இரண்டும் ஒரே வருத்தத்தின் குறிகளாக இருக்க வேண்டியதில்லை, தனித்தனியே தேடுங்கள்.

ஊரெழுவான் | வியாழன், இரவு 10.15

அந்தப் பனைமரங்களை எங்கிருந்து எடுத்தீர்கள்? வேறொரு விளையாட்டின் உள்ளடக்கம் உங்கள் கணினியில் இணைக்கப்பட்டிருந்து, நண்பர்களிடம் அந்த விளையாட்டு இல்லாவிட்டால், இதே நிலைதான் வரும். எனக்கு இரண்டு முறை அப்படித்தான் நடந்தது. நண்பர்கள் அந்த விளையாட்டையும் நிறுவினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

திண்ணை (மூத்த உறுப்பினர்) | வியாழன், இரவு 10.31

இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்துவிட்டது. தேடிப் பார்க்கும் பழக்கம் இல்லாதவர்கள்தான் இரவோடிரவாக விடை கேட்கிறார்கள். வரைபடம் அமைக்கத் தொடங்குமுன் விளையாட்டு திறக்கும் முடிந்த வரைபடமான பி.எஸ்.பி. கோப்பு என்றால் என்னவென்று படித்திருந்தால் இந்தச் சிக்கலே எழுந்திராது. வி.பி.எஸ்.பி., வி.விஸ்., வி.ராட். ஆகிய மூன்று நிரல்களும் சேர்ந்து உருவாக்கும் அந்தக் கோப்பில் சுவரின் வடிவமும் ஒளியும் இருக்கும். சுவரின் மீது ஒட்டிய படமோ இருக்காது, அதன் பெயர் மட்டுமே இருக்கும். பெயரை வாசித்துக்கொண்டு விளையாட்டு அந்தப் படத்தைக் கணினியின் வட்டில் தேடும். உங்கள் வட்டில் படம் இருப்பதால் உங்களுக்குத் தெரிகிறது. அவர்களிடம் இல்லாததால் கட்டங்கள் தெரிகின்றன. விளையாட்டோடு வரும் படங்களைத் தவிர நீங்களாகச் செய்த ஒவ்வொன்றையும், பி.எஸ்.பி. கோப்பின் உள்ளேயே இருக்கும் 'பக்பைல்' என்ற 40ஆம் இலக்கப் பகுதிக்குள் வைக்க வேண்டும். இது முதற்பாடம்.

மருதடி | வியாழன், இரவு 10.50

திண்ணை ஐயா, நீங்கள் சொன்ன செய்தி சரியானது. ஆனால் அவர் பொதிந்ததாகத் தம் பதிவிலேயே எழுதியிருக்கிறார். அதை வாசிக்காமல் கடிந்துகொள்வது முறையல்ல.

எனக்கு அளவைப் பற்றித்தான் ஐயம். கோட்டைச் சுவரைக் கைபேசியில் படம் பிடித்து, 2048க்கு 2048 அளவில், சுருக்காத வடிவத்தில் வி.டி.எஃப். படக் கோப்பாகச் சேமித்திருந்தால் ஒரு படமே 16 மெகாபைட் ஆகும். தொலைவில் காட்டுவதற்காகச் சிறிதாக்கிய படிகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 21 மெகாபைட். அதையே டி.எக்ஸ்.டி.1 என்ற சுருக்கிய வடிவத்தில் சேமித்தால் 3 மெகாபைட்டுக்கும் குறைவு. இப்படிப் பத்துப் படங்கள் இருந்தால் சேவரிலிருந்து (ஆட்டத்தை நடத்தும் கணினியிலிருந்து) இறங்கும்போது பாதியில் நின்றுபோயிருக்கலாம். பி.எஸ்.பி. கோப்பு எத்தனை மெகாபைட் என்று சொல்லுங்கள்.

பண்ணைக்கரை | வெள்ளி, காலை 6.20

மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். விளையாட்டு கவுண்டர் ஸ்ரைக் சோர்ஸ். பென்டிரைவில் நேரடியாகக் கொடுத்தேன், சேவரிலிருந்து இறக்கவில்லை. கோப்பு 118 மெகாபைட். பனைமரத்தை என் மைத்துனர் பிளெண்டரில் செய்தார். வேறெந்த விளையாட்டிலிருந்தும் எடுக்கவில்லை. சுவர்ப் படங்களையும் அவரே செய்தார். ஐந்து பேரிடம் விண்டோஸ், பருத்தித்துறை நண்பரிடம் உபுண்டு. பி.எஸ்.பி.ஸிப் என்ற பொதியும் நிரலைக் கொண்டு பட்டியல் எழுதித்தான் பொதிந்தேன். அது போன ஞாயிற்றுக்கிழமை. அதன்பின் வாயிலின் உள்ளே இருட்டாக இருந்ததால் இரண்டு விளக்குகளை மட்டும் கூட்டினேன், வேறெதையும் தொடவில்லை.

கரவெட்டியான் | வெள்ளி, காலை 6.41

விளக்கைக் கூட்டியபின் மறுபடியும் கொம்பைல் செய்திருப்பீர்கள், அதாவது திண்ணை சொன்ன நிரல்களை ஓட்டியிருப்பீர்கள் அல்லவா? அங்கேதான் போயிற்று. ஒவ்வொரு முறையும் வி.பி.எஸ்.பி. புதிதாக ஒரு பி.எஸ்.பி. கோப்பை எழுதுகிறது; பழைய கோப்பினுள் நீங்கள் பொதிந்திருந்தவை பழையதோடேயே அழிந்துவிடும். சிறு விளக்கை மாற்றினாலும் பொதிதலை மீண்டும் செய்ய வேண்டும். ஆகவே பொதிதல் எப்போதும் கடைசி வேலையாக இருக்கட்டும். பி.எஸ்.பி.ஸிப் நிரலுக்கு 'டிர்' என்ற தெரிவைக் கொடுத்தால், கோப்பினுள் இப்போது என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியலைக் காட்டும். உங்கள் படங்களின் பெயர்கள் அதில் இல்லையென்றால் ஐயமே இல்லை.

இன்னொன்று. நண்பர்களை அலைக்கழிக்காமல் உங்கள் கணினியிலேயே சோதிக்கலாம். விளையாட்டின் சி.ஸ்ரைக் போல்டரினுள் உள்ள 'கஸ்ரம்' போல்டரில்தான் உங்கள் படங்களை வைத்திருப்பீர்கள். அதை வேறோர் இடத்துக்கு நகர்த்திவிட்டு விளையாட்டைத் திறவுங்கள். அப்போது நண்பர்கள் பார்ப்பதைத்தான் நீங்களும் பார்ப்பீர்கள். விளையாட்டைத் தொடங்கும்போது 'கொன்டிபக்' என்ற தெரிவைச் சேர்த்தால், விளையாட்டின் செய்திகள் ஓடும் கொன்சோலில் வரும் எல்லா வரிகளும் ஓர் எழுத்துக் கோப்பில் பதிவாகும்; கிடைக்காத கோப்புகளின் பெயர்களை ஆறுதலாக இருந்து வாசிக்கலாம்.

பண்ணைக்கரை | வெள்ளி, காலை 7.35

நீங்கள் சொன்னபடியே பட்டியல் வெறுமையாக இருந்தது! அதே பட்டியலைக் கொண்டு மறுபடியும் பொதிந்து, கஸ்ரம் போல்டரை நகர்த்திவிட்டுப் பார்த்தேன். தரை, கதவு, புல் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் முருகைக்கல் சுவர் இன்னமும் கட்டங்களாகவே இருக்கிறது. பனைமரங்களும் சிவப்பு எழுத்துகளாகவே நிற்கின்றன. சுவரின் மெற்றீரியலான வி.எம்.டி. கோப்பும் படமான வி.டி.எஃப். கோப்பும் பட்டியலில் இருக்கின்றன என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

ஊரெழுவான் | வெள்ளி, காலை 8.02

அப்படியானால் பெரிய எழுத்துச் சிக்கலாக இருக்கும். லினக்ஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறு வேறாகக் கொள்ளும். பெயர்கள் எல்லாவற்றையும் சிறிய எழுத்துக்கு மாற்றுங்கள்.

கரவெட்டியான் | வெள்ளி, காலை 8.20

சிறிய எழுத்தில் பெயரிடுவது நல்ல பழக்கம். உபுண்டு வைத்திருக்கும் நண்பருக்காகவாவது செய்யத்தான் வேண்டும். ஆனால் அவர் இப்போது சோதித்தது தம்முடைய விண்டோஸ் கணினியில். இங்கே காரணம் அதுவாக இராது.

பனைக்கு முதலில் வருவோம். ஒரு மொடல் ஒரே கோப்பு அன்று. எம்.டி.எல். கோப்போடு, முனைகளின் விவரம் அடங்கிய வி.வி.டி. கோப்பும், டி.எக்ஸ்.90 என்று பெயரில் வரும் வி.டி.எக்ஸ். கோப்பும், மோதும் உருவம் இருந்தால் பி.ஹெச்.வை. கோப்பும் சேர்ந்து போக வேண்டும். எம்.டி.எல். மட்டும் போயிருந்தால் அது தலை மட்டும் போன கதை. மரத்தின் பட்டைக்கும் ஓலைக்கும் உரிய மெற்றீரியல்கள் எந்தப் போல்டரில் இருக்கின்றன என்பது எம்.டி.எல். கோப்பினுள்ளேயே எழுதப்பட்டிருக்கும், அந்தப் போல்டர் பெயரை மாற்றினால் மரம் வரும், ஆனால் ஊதா நிறத்தில் வரும்.

சுவருக்கு, வி.எம்.டி. கோப்பை நோட்பாடில் திறந்து, 'பேஸ்ரெக்ஸ்சர்' என்று தொடங்கும் வரியை எழுத்துப் பிசகாமல் இங்கே பதியுங்கள்.

பண்ணைக்கரை | வெள்ளி, காலை 9.10

திறந்து பார்த்தேன். கோப்பின் பெயரில் முருகை என்பதை 'ஜி' எழுத்து இட்டு எழுதியிருக்கிறேன். உள்ளே உள்ள வரியில் 'கே' எழுத்து இட்டு முருகை என்று இருக்கிறது. மைத்துனர் முதலில் அனுப்பியபோது அப்படித்தான் பெயரிட்டிருந்தார். நான் ஒழுங்குபடுத்துவதற்காக ஜி எழுத்தில் புதுப் போல்டர் உண்டாக்கிக் கோப்புகளைப் படியெடுத்தேன். பழைய போல்டரும் என் வட்டில் அப்படியே கிடக்கிறது.

கரவெட்டியான் | வெள்ளி, காலை 9.22

கள்ளன் அகப்பட்டுவிட்டான். வி.எம்.டி. கோப்பு இன்னமும் பழைய போல்டரில் உள்ள படத்தையே சுட்டுகிறது. அந்தப் படம் உங்கள் வட்டில் இருந்ததால் நீங்கள் ஒருபோதும் வேறுபாட்டைக் கண்டிருக்க மாட்டீர்கள். கையால் எழுதிய பட்டியலில் புதுப் போல்டரை மட்டும் சேர்த்திருக்கிறீர்கள். வி.எம்.டி. ஒவ்வொன்றிலும் அந்த வரியைத் திருத்துங்கள். மேடுபள்ளம் காட்டும் படத்தைச் சுட்டும் 'பம்ப்மப்' என்ற வரி இருந்தால் அதையும் மறவாதீர்கள், ஏனென்றால் பலரும் முதல் வரியைத் திருத்திவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். வைட் என்ற நிரலும் கொம்பைல்பல் என்ற நிரலும் வரைபடத்தையும் மெற்றீரியல்களையும் வாசித்துத் தேவையான கோப்புகளைத் தாமாகவே திரட்டித் தருகின்றன. அடுத்த முறை அவற்றில் ஒன்றைப் பாவியுங்கள்.

திண்ணை (மூத்த உறுப்பினர்) | வெள்ளி, காலை 9.47

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதுவதற்கு ஒழுங்கான முறை இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதியும், 2001இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 15919 நியமமும் ககரத்துக்கு எந்த இடத்திலும் கே எழுத்தையே இடுகின்றன. மைத்துனர் சரியாகவே எழுதினார். ஒலிக்கிறபடி ஜி எழுத்துக்கு மாற்றியவர்தான் பிழை செய்தார்.

மருதடி | வெள்ளி, காலை 10.05

ஐயா, அகராதியின் முறை அறிஞர்களுக்கானது. முருகை என்று சொல்லும் எவருக்கும் காதில் விழுவது ஜி ஒலிதான். நம் பெயர்களையே கடவுச்சீட்டில் அப்படித்தான் எழுதுகிறோம். குறில் நெடில் கோடுகளையும் புள்ளிகளையும் கோப்புப் பெயரில் இட முடியாதபோது, அந்த நியமத்தில் பாதியை மட்டும் எப்படிக் கைக்கொள்வது? ஆங்கிலத்தில் 'கோரல்' என்று பெயரிட்டிருந்தால் இந்த வழக்கே இல்லை.

நெடுந்தாரகை | வெள்ளி, காலை 10.30

'கோரல்' என்று எழுதினால் முருகைக்கல் என்ற சொல் வரைபடத்திலிருந்தே போய்விடும். ஒல்லாந்தர் 1658இல் கைப்பற்றிப் பின்னர் ஐங்கோணமாகக் கட்டிய கோட்டை அது. கடலிலிருந்து வெட்டிய அந்தக் கல்லுக்கு நம்முடைய பெயர் இருக்கிறது. நான் ஒருமுறை கோப்புகளுக்குத் தமிழ் எழுத்திலேயே பெயரிட்டுப் பார்த்தேன். விண்டோஸ் ஏற்றுக்கொண்டது, ஹமர் அவற்றைத் திறக்கவில்லை. ஆகவே ஆங்கில எழுத்தை விட்டால் இப்போதைக்கு வழியில்லை. ஆனால் சொல் தமிழாக இருக்கட்டும். என் குழுவில் ஒரு தாளில் எல்லாப் பெயர்களையும் எழுதி ஒட்டிவைத்திருக்கிறோம். அதில் இல்லாத எழுத்துக்கூட்டலை எவரும் பாவிப்பதில்லை.

திண்ணை (மூத்த உறுப்பினர்) | வெள்ளி, காலை 10.52

தாளில் எழுதுவதானாலும் ஒரு முறைப்படி எழுத வேண்டும் என்பதையே நான் சொன்னேன்.

கரவெட்டியான் | வெள்ளி, முற்பகல் 11.08

கே எழுத்தா ஜி எழுத்தா என்பது விளையாட்டுக்குப் பொருட்டில்லை. இரண்டு இடத்திலும் ஒன்றாக இருந்தால் போதும். தம்பிக்கு நாளைக்கு ஆட்டம் இருக்கிறது, அதைக் கவனிப்போம்.

பண்ணைக்கரை, இறுதியாக ஒன்று. திருத்திய கோப்பைப் பழைய பெயரிலேயே கொடுக்காதீர்கள். நண்பர்களில் ஒருவரிடம் பழைய கோப்பு இருந்து, சேவரில் புதியது இருந்தால், வரைபடம் வேறுபடுகிறது என்று சொல்லி விளையாட்டு அவரை வெளியே தள்ளிவிடும். பெயரின் இறுதியில் பி2, பி3 என்று சேர்த்துக்கொண்டு போங்கள். கொம்பைல் செய்யுமுன்னரே அந்தப் பெயரை வையுங்கள். வானத்துக்குச் சொந்தப் படம் செய்திருந்தால் அதன் ஆறு பக்கங்களும் பட்டியலில் இருக்க வேண்டும். மருதடி சொன்ன அளவுக் கணக்கையும் தள்ளிவிடாதீர்கள். 118 மெகாபைட் ஒரு வாயிலுக்கு மிக அதிகம்.

பண்ணைக்கரை | சனி, இரவு 11.50

சுவர் வந்துவிட்டது, பனையும் வந்துவிட்டது. மொடலுக்கு வி.வி.டி., வி.டி.எக்ஸ். கோப்புகள் விடுபட்டிருந்தன. சுருக்கிச் சேமித்தபின் கோப்பு 31 மெகாபைட். பி3 என்ற பெயரில் ஏழு பேரும் விளையாடினோம். எல்லோருக்கும் நன்றி.

மருதடி | ஞாயிறு, காலை 7.15

மகிழ்ச்சி, தம்பி. உபுண்டு நண்பருக்கும் எல்லாம் சரியாகத் தெரிந்ததா? பெயர்களைச் சிறிய எழுத்துக்கு மாற்றினீர்களா, மாற்றாமலே வந்ததா என்பதைச் சொன்னால் எனக்கும் உதவும்.

மருதடி | புதன், இரவு 8.03

பண்ணைக்கரை, மேலே கேட்டதற்கு நேரம் கிடைக்கும்போது விடை எழுதுங்கள்.