சில்கோசா: வித்தா, கொட்டையா?

கோண்டாவிலில் இருந்து:
எல்லோருக்கும் வணக்கம். இமயமலைத் தாவரங்கள் பற்றிய சிறுநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு மரத்தில் சிக்கி நிற்கிறேன். கிழக்கு ஆப்கானிஸ்தான் தொட்டு இமாசலப் பிரதேசத்துக் கின்னௌர் வரை, 1800 மீற்றருக்கு மேலே வளரும் பைனஸ் ஜெராடியானா. அதன் பருப்பு இந்தியில் சில்கோசா. ‘பைன் கொட்டை’ என்று எழுதினால் எங்கட பிள்ளைகள் மலையகத்தில் நட்ட கரிபியன் பைனைத்தான் நினைப்பார்கள். அதில் கொறிக்க ஒன்றுமில்லை. சில்கோசாவுக்குத் தமிழில் என்ன பெயர் போடலாம்?

மானிப்பாயில் இருந்து:
பிள்ளை, முதலில் ‘கொட்டை’யை விடுங்கோ. பைன் வித்துமூடியிலி. பழமே இல்லாத மரத்துக்குக் கொட்டை ஏது? கூம்பின் செதிலில் மூடாமல் கிடப்பது வித்து. ‘கூம்புவித்து’ என்று போடுங்கோ. அமெரிக்க மிஷன் மருத்துவர் கிறீன் இந்த ஊரில் இருந்துதான் மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். நாங்கள் ஒரு பருப்புக்குக் கடன் வாங்குவதா?

நல்லூரில் இருந்து:
மாஸ்ரர், இதில் கடனே இல்லை. ‘சில்’ என்றால் சிறியது, சில்காற்று என்கிறோமே. ‘கோசா’ கொட்டையின் திரிபு. சில்கொட்டைதான் வடக்கே போய்ச் சில்கோசா ஆகியிருக்கிறது. கச்சானைப் பாருங்கள், மேல்காற்றின் பெயர் கடலையில் வந்து ஒட்டவில்லையா? அந்தக் காற்றுக் காலத்தில்...

சாவகச்சேரியில் இருந்து:
ஐயா, கச்சான் கதை போன மாசமும் வந்தது. சில்கோசா பாரசீகச் சொல், அந்த மொழியில் ‘சிஹில்’ என்றால் நாற்பது. கூம்புக்கு நாற்பது பருப்பு என்று அந்தப் பக்கம் விளக்கம் சொல்வார்கள். டில்லியில் இருந்து வந்த மருமகன் ஒரு பிடி கொண்டுவந்தான். ஒல்லியாக, ஒரு முனை கூராக, கடும் மண்ணிறத் தோல். நகத்தால் கீறினால் உரிந்துவிடும். உள்ளே வெள்ளைப் பருப்பு, எண்ணெய்ப் பிடிப்போடு கொஞ்சம் பிசின் வாசம். இதைக் கடையில் ‘கூம்புவித்து’ என்று கேட்டால் விவசாயக் கடைக்குப் போகச் சொல்லுவான்.

கோண்டாவிலில் இருந்து:
இன்னொரு சிக்கல். கூம்பு விரிய முன்னமே பறித்துவிடுகிறார்கள், மண்ணில் விழ ஒன்றும் மிஞ்சுவதில்லை, இளங்கன்றுகள் அரிது என்று ஒரு பந்தி வருகிறது. அங்கே ‘கொட்டை’ என்றால் முளைக்கிற பொருளாகத் தோன்றுமா?

சாவகச்சேரியில் இருந்து:
பனங்கொட்டையைப் பாத்தியில் அடுக்கித்தானே கிழங்கு எடுக்கிறோம்? கொட்டை முளைக்காது என்று யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு கேட்கலாமா?

மானிப்பாயில் இருந்து:
பனைக்குப் பழம் உண்டு. அதற்குக் கொட்டை இருக்கலாம்.

கோண்டாவிலில் இருந்து:
சரி, இனி நேரமில்லை. மரம் ‘சில்கோசாப் பைன்’. தின்னும் இடத்தில் ‘சில்கோசாக் கொட்டை’, முளைக்கும் இடத்தில் ‘விதை’. நாலு பேர் தனிமடலில் ஓம் என்றுவிட்டார்கள். மாஸ்ரர் குறை நினைக்க வேண்டாம்.

மானிப்பாயில் இருந்து:
‘விதை’ இல்லை, ‘வித்து’. அதையாவது திருத்துங்கோ.