பைசெப்ஸ்ல ஈஎம்ஜி சென்சார் ஒட்டினேன், வெயிட் மாறல, நம்பர் மட்டும் ஏறுது ஏன்?

தண்டால் தம்பி:
ஈஎம்ஜி சென்சார் (தசைல வர்ற மின் சிக்னல அளக்கறது) ஒண்ணு வாங்கி ஆர்டுயினோங்கற குட்டி சர்க்யூட் போர்டுல மாட்டி பைசெப்ஸ்ல ஒட்டிட்டு கர்ல் அடிச்சு பாத்தேன். அதே 10 கிலோ டம்பெல்தான், முதல் ரெப்ல வந்த நம்பர் 12வது ரெப்ல கிட்டத்தட்ட டபுள், எப்படி? அதுவும் இல்லாம நேத்து வந்ததுக்கும் இன்னைக்கு வந்ததுக்கும் சம்பந்தமே இல்ல. சென்சார் டுபாக்கூரா? எந்த கர்ல் பைசெப்ஸ நல்லா வளக்கும்னு கண்டுபிடிக்கத்தான் இவ்ளோ பாடு.

ஒயர்மேன்:
சென்சார் மேல பழி போடாதீங்க ப்ரோ. ரெப் ஏற ஏற வேலை பாத்துட்டு இருந்த நார்கள் களைச்சுடும், அதே வெயிட்ட தூக்க இன்னும் நிறைய மோட்டார் யூனிட்ட (ஒரு நரம்பு செல்லும் அது இயக்கற தசை நார்களும்) கூப்பிட வேண்டியிருக்கு, அதான் சிக்னல் ஏறுது. ஆனா ஃப்ரீக்வன்சி பாத்தீங்கன்னா கீழ இறங்கும், நார்ல சிக்னல் ஓடற வேகம் குறைஞ்சிடுது இல்ல. உங்களுக்கு வழவழன்னு ஒரே கோடா வருதுன்னா அது என்வலப், அதாவது சிக்னலோட அளவ மட்டும் வழவழப்பாக்கி காட்டற கோடு, அதுல ஃப்ரீக்வன்சி தெரியாது, அப்படி பதப்படுத்தாத ரா சிக்னல் வேணும், செகண்டுக்கு 1000 சாம்பிளாவது எடுக்கணும்.

அப்புறம் ஆர்டுயினோவ மாட்டியிருக்கற லேப்டாப் சார்ஜர்ல இருக்கா? முதல்ல அத கழட்டுங்க. கரண்ட் லைனோட இரைச்சலும் உள்ள வரும், உடம்புல ஒயர் ஒட்டியிருக்கும்போது அது சேஃபும் இல்ல.

ரெண்டு செட்:
நேத்து ஒட்டின அதே இடத்துலதான் இன்னைக்கும் ஒட்டினீங்களா? ஒரு சென்டிமீட்டர் தள்ளினாலே நம்பர் மாறிடும். முடிய வழிச்சு, ஸ்பிரிட்ல துடைச்சு, ரெண்டு எலக்ட்ரோடையும் (தோல்ல ஒட்டற பேட்) நார் ஓடற திசைல 2 செமீ இடைவெளில ஒட்டுங்க, கிரவுண்ட், அதாவது ஒப்பிடறதுக்கான மூணாவது பேட், முழங்கை எலும்பு மேல. பேனால மார்க் பண்ணிக்கோங்க. தினமும் ஆரம்பிக்கும்போது அசையாத எதையாவது 5 செகண்ட் முழு பலத்தோட இழுங்க, அத 100னு வெச்சு மிச்சத்த சதவீதமா போடுங்க. வெறும் வோல்ட்ட ஒப்பிட்டு பிரயோஜனமே இல்ல.

ஆனா ஒண்ணு, நம்பர் அதிகமா வர்ற கர்ல்தான் தசைய வளக்கும்னு முடிவு கட்டாதீங்க. கை மடங்கும்போது தோலுக்கு அடில தசை நகருது, எலக்ட்ரோட் இருந்த இடத்துலயே இருக்கு. வெயிட்ட இறக்கும்போது சிக்னல் கம்மியாத்தான் வரும், அதுக்காக அந்த பாதி வேஸ்ட்டா? நல்லா நீட்டின நிலைல தசை ரப்பர் மாதிரி சும்மாவே ஒரு இழுவை குடுக்கும், அது ஈஎம்ஜில வராது.

தண்டால் தம்பி:
சார்ஜர்லதான் இருந்துச்சு அண்ணே 😅 கழட்டினதும், கைய சும்மா தொங்கவிட்டாலே மேல நின்னுட்டு இருந்த கோடு தரைக்கு வந்துடுச்சு. மார்க்கும் போட்டாச்சு, நாளைக்கு திரும்ப எடுத்து போடறேன்.