திரை அணைந்ததும் ஒலிநாவல் நின்றுபோகிறது, உதவுங்கள்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஆண்ட்ராய்டு 13 போனில் ஒலிநாவல் கேட்கிறேன். திரை அணைந்து கொஞ்ச நேரத்தில் குரல் நின்றுவிடுகிறது. போன வாரம் செயலியை அப்டேட் செய்ததிலிருந்து இப்படித்தான். அம்பாசமுத்திரம்–திருநெல்வேலி பஸ்ஸிலும் சரி, வீட்டு வைஃபையிலும் சரி, இதே தொல்லை. அத்தியாயங்கள் டவுன்லோடு செய்தவை, அதனால் சிக்னல் காரணமில்லை. பேட்டரி சேவரை அணைத்தேன், செயலியை நீக்கி மறுபடி போட்டேன், ப்ளூடூத் இல்லாமலும் கேட்டுப் பார்த்தேன். பாட்டுச் செயலி மட்டும் நிற்காமல் ஓடுகிறது.

நாவலோ விட மனசு வராத காதல் கதை. கல்யாணமான பெண்ணின் சம்பாத்தியம்கூடக் கணவனுக்கே என்று சட்டம் சொன்ன, 1870க்கு முந்தைய இங்கிலாந்து. அச்சகம் நடத்தும் கறுப்பினப் பெண் காதலனிடமே நிபந்தனை பேசுகிறாள். சரியாக அங்கேதான் நின்றுபோனது!

இந்த ஒரு செயலி மட்டும் பின்னணியில் தொடர்ந்து ஓட எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?